பிறந்த இடம்

லாவண்டர், நான்காம் மாடி, பதினேழாம் முகப்பு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தைசியா.
நிரந்தரவாச விண்ணப்பம்.
கடவுச்சீட்டில் ஓர் ஊர்ப்பெயர்,
பிறப்புச் சான்றிதழில் வேறொன்று.
எது சரி என்று கேட்பது என் வேலை.

இரண்டும் ஒரே ஊர்தான் என்றாள்.
நாற்பத்தொரு வீடு. வாரத்துக்கு இருமுறை பேருந்து.
எப்போதோ ஒரு பனிப்புயலில் வண்டி அச்சு முறிந்து
வழிப்போக்கர் இருவர் இறங்கியிருக்கிறார்கள்.
யாரோ ஒருத்தி வெந்நீர் வைத்தாள்.
பிள்ளை பிறந்தது.
ஒன்பதாம் நாள் அச்சு சரியானது, போய்விட்டார்கள்.
பிள்ளை பெரிய ஆளாகி
செத்து வெகுகாலம் கழித்து
ஊர் தன் பெயரைக் கழற்றிவிட்டு
அவர் பெயரை மாட்டிக்கொண்டது.

ஒன்பது நாள்!
பாதி அழுகை, மீதி தூக்கம்.
அதற்கொரு சிலை இருக்கிறதாம்,
தாடியோடு.

பள்ளியில் வருஷாவருஷம் கட்டுரை எழுதினோம்,
'அவரும் நாமும் ஒரே கிணற்றுத் தண்ணீர்' என்று.
அவர் எங்கே தண்ணீர் குடித்தார், தாய்ப்பால்தானே என்றாள்.
நான் சிரிக்கக் கூடாது. மேலே கேமரா.

நான்தான் அங்கே கடைசியாய்ப் பிறந்தவள்,
எண்ணைப் பாருங்கள் என்றாள்.
பார்த்தேன்: அந்த ஆண்டுக்கு, ஒன்று.
இரண்டு வரவேயில்லையாம்.
பிரசவ அறையைப் பூட்டிவிட்டார்கள்.
இப்போது வலியெடுத்தால் அறுபது கிலோமீட்டர், நகரத்துக்கு.
எல்லையில் பலகை மட்டும் நிற்கிறது,
இன்னார் பிறந்த ஊர் என்று.

நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?

இருபத்தாறு வருஷத்தில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்த முதல் கேள்வி.
எருமைத் தொழுவத்தில் என்றேன்.
கண்டாங் கெர்பாவ்; மலாயில் அதுதான் அர்த்தம்.
தேக்காவுக்கு எதிரே, பிள்ளைபேற்று மருத்துவமனை.
நான் பிறந்த அன்று மட்டும் நூறு பேராம்.
அம்மாவுக்குக் கட்டிலில் பாதிதான் கிடைத்தது,
மறுபாதியில் ஒரு தியோச்சூக்காரி, இரட்டைக் குழந்தையோடு.
அந்த இரட்டையர் இப்போது எங்கே
கோப்பி கலக்குகிறார்களோ.

சரி, தட்டச்சு செய்தேன்.
கட்டத்தில் பதினைந்து எழுத்துக்குத்தான் இடம்.
பெரிய மனிதரின் பெயர்
பாதியில் நின்றது.
அழித்தேன்.
பழைய பெயருக்கு என்ன அர்த்தம்?
மோக்ரியே லாப்தி,
நனைந்த செருப்பு என்றாள்
கொஞ்சம் வெட்கத்தோடு.

அதைப் போட்டேன்.
மூன்று எழுத்துக்கு இன்னும் இடமிருந்தது.
கையெழுத்துப் போடும்போது
குனிந்து தன் காலைப் பார்த்தாள்;
வெளியே மழைதான்.

அடுத்த எண்ணை அழுத்தினேன்.