அளவு மீறிய சுமை

மூன்று பெட்டிகளுக்கும் ஆற்றின் பெயர்கள்:
கூஸ், மேப்பிள், ஷெயென்.
பயணச்சீட்டு விற்காத ரயில் அது.
வருடத்துக்கு இரண்டு முறை
பெம்பினா மேற்கு ரயில்வேயின் இயக்குநர்கள்
தங்கள் தண்டவாளத்தைத் தாங்களே பார்வையிட
வெள்ளித் தட்டில் வான்கோழி தின்றபடி போவார்கள்.
பிறகு கம்பெனி கைமாறியது.
வாங்கியவர்களிடம்
இதைவிட நல்ல ரயில் இருந்தது.

யார்டின் கடைசித் தடத்தில்
ஆறு குளிர்காலம் நின்றன.
செம்புக் கம்பிகளை யாரோ உருவிக்கொண்டு போனார்கள்.
அதற்குப் பிறகு ஏலம்.
அதற்குப் பிறகு நான்.
பதின்மூன்று அச்சு லாரி,
முகப்பில் மஞ்சள் பதாகை, அளவு மீறிய சுமை.
வடக்கு டக்கோட்டாவில் எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும் என்று
மனைவி பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும் எனக்கு.

கூஸ், சமையல் பெட்டி. மார்ச்சில் ஏற்றினேன்.
பழைய இரும்புக்காரன் டுவேன் ஃபைஃப்லி
தர்பூசணியைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டினான்.
“உள்ளே கல்நார். அதை உரிக்கவே
இரும்புக் காசு பூரா போயிரும்.”
போகவில்லை.
மூன்றே நாளில் அறுத்து முடித்தான்.
அடுப்புக்குப் பின்னாலிருந்து விழுந்தது
ஒற்றைக் கம்மல், நீலக் கல்.
பரிமாறியவளுடையதா
பரிமாறப்பட்டவளுடையதா தெரியவில்லை.
இப்போது என் லாரியின் முன்கண்ணாடி அருகே கிடக்கிறது.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

மேப்பிள் ஏரிக்கரைக்குப் போனது.
படுக்கைப் பெட்டி; ஓர் இரவுக்கு இருநூற்றுப் பத்து டாலர்.
விளக்கணைத்ததும் ஒலிபெருக்கியில்
நீராவி எஞ்சின் பெருமூச்சு விடும்படி செய்திருக்கிறார்கள்.
மேப்பிளை ஒருநாளும் நீராவி இழுத்ததில்லை.
சந்தோஷமாக இருந்தார்கள்,
நான் சொல்லவில்லை.

ஷெயென்தான் வால்.
கொட்டகைபோலப் படிப்படியாக உயரும் பதினாறு இருக்கைகள்,
பின்சுவர் முழுக்கக் கண்ணாடி.
கடந்துபோனதை மட்டுமே காட்டும் கண்ணாடி.
எண்ணாயிரத்து நானூறு, ரொக்கமாக எண்ணி வைத்தாள்
ஆர்டிஸ் டாலெஃப்சன்,
சர்க்கரைக் கிழங்கு விவசாயி.
அவள் ஊருக்கு ஒரு கிளைத்தடம் இருந்தது, முப்பத்தொரு மைல்.
அந்த ரயில் அங்கே வந்தது ஒரே ஒரு தடவை.
அக்டோபர், அறுவடை நேரம்,
கேட்டில் டிராக்டரை நிறுத்திக் கையசைத்திருக்கிறாள்.
கண்ணாடிக்குள்ளிருந்து ஒருவர்
முள்கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.
கிறிஸ்துமஸுக்கு முன் கடிதம் வந்தது.
வசந்தத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள்.
தானியக் கிடங்கில் இப்போது புறாக்கள்.

இறக்கும் நாளில் கேட்டேன்,
“கண்ணாடி எந்தப் பக்கம்?”
யோசிக்கவே இல்லை, கை நீட்டினாள்.
கிளைத்தடம் கிடந்த மேட்டை நோக்கி.
குதிரைமசால் பச்சைக்கு நடுவே
தையல் பிரித்த தழும்புபோல
இன்னும் நேராகப் போகிறது அது.

பழிவாங்குகிறாயா என்று கேட்க நாக்கு வரை வந்தது.
கிரேன் மணிக்கணக்கில் காசு தின்னும் இயந்திரம்,
கேட்காமல் சங்கிலியைக் கழற்றினேன்.
அவளே சொன்னாள்:
“தெற்கு வெயில் நேராக விழுது.
தக்காளி நாற்றை ஏப்ரல்லயே போட்டுடலாம்.”

அடுத்த மே மாதம் அந்த வழியே போனேன்.
பதினாறு இருக்கையிலும் நாற்றுத் தட்டுகள்.
சாம்பல் நிற மெத்தையில் ஈரக்கறை.
இயக்குநர்களைப் போலவே
அத்தனையும் வெளிச்சத்துப் பக்கமாகச் சாய்ந்து,
ஒன்றோடொன்று பேசாமல்.

சுவரில் வேகமானி இருந்தது.
எப்போது பழுதானதோ,
முள் பதினேழில் நின்றுவிட்டிருந்தது.
ஆர்டிஸ் விரலால் கண்ணாடியைத் துடைத்தாள்.
“எங்க தடத்துல பத்துக்கு மேலே போகக்கூடாது,” என்றாள்.
“அன்னைக்கே அவங்களுக்கு அவசரம்.”