சுவருக்கு இந்தப் பக்கம்

நான் படம் பார்க்கவில்லை.
தியேட்டர் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில்
வண்டிக்கு டோக்கன் கிழிக்கிறேன், பத்து ரூபாய்.
ஏழு இருபதுக்கு டிராகன் முதல் தடவை கத்தும்.
சுவர் விம்மும்.
நிற்கிற வண்டிகளில் ஏழெட்டு
தானாகவே அலறத் தொடங்கும்.
ஒவ்வொன்றின் சீட்டையும் தட்டி
‘உன்னைச் சொல்லலை, சும்மா இரு’ என்பேன்.

அக்னி நட்சத்திரம். நூற்றெட்டு டிகிரி.
முதல்நாள் ஆட்டம் விட்டதும் முதலில் வந்தவர்
ஹெல்மெட்டைக் கவிழ்த்து விசிறிக்கொண்டே சொன்னார்:
‘நெருப்பு ஊதுதாம். வேலூர்க்காரனுக்கு
இத்த காட்டிட்டு நூத்தம்பது ரூபா வாங்கறான்.’

ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் பதினோரு வருஷம்
சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற முபாரக்குக்குக்
கதை ஞாபகமே இல்லை.
‘கழுத்துத் தோலு மட்டும் இம்மாங் கனம், சகாயமேரிக்கா.
செதில் உதிர்றதுக்கே ஒரு மாசம் ஊறணும்.
அத்த ஒரே வெட்டுல வெட்றான். பொய்யி.’
பொய் என்றவர்தான்
ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் கூட்டி வந்தார்.

தீயணைப்பு நிலையத்து யேசுபாதம்
வண்டியை உதைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.
‘கோட்டை பத்திக்கினு எரியுது.
சுத்திலும் அகழி, நம்மூரு மாதிரியே, தண்ணி தளும்புது.
ஒருத்தன்கூட ஒரு வாளி மொள்ளலை.
எல்லாம் வாளத் தூக்கிக்கினு ஓடுதுங்க.
இவனுங்களுக்கு இன்னாத்துக்கு ராஜா?’

கல்லூரிப் பையன்கள் நான்கு பேர்
ரெண்டே கால் இருந்தால் அது டிராகனா இல்லையா என்று
பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து அடித்துக்கொண்டார்கள்.
கோட்டைக் கோயில் யாளிக்கு யானை மூக்கு, சிங்க வாய்,
அதற்கு எவன் ரசீது கேட்டான் என்றான் ஒருவன்.
தீர்ப்பு வரவில்லை.
எனக்குக் கடைசி பஸ் போனது.

வளையல் கடைக்காரர் சம்சாரம் அழுதிருந்தாள்.
அவர் சிரித்திருந்தார்.
வரும்போது ஒட்டி உட்கார்ந்து வந்த வண்டியில்
போகும்போது இருவருக்கும் நடுவே
கைப்பை உட்கார்ந்து போனது.
முன்னால் நின்ற பிள்ளை என்னைக் கேட்டான்:
‘இன்டர்வெல்ல அது எங்க இருக்கும்?’
கேன்டீன் பின்னாடி என்றேன்.
நம்பினான்.

இப்படி ஒரு வாரத்தில்
எனக்கென்று ஒன்று வளர்ந்துவிட்டது:
கனத்த தோல்,
கால் எத்தனை என்று இன்னும் முடிவாகாதது,
தண்ணீர் பக்கத்திலிருந்தும் யாரும் அணைக்காதது.

வாடகை சைக்கிளில் ஒருவன் மூன்று தடவை வந்தான்.
வடக்கத்திக்காரன். சட்டைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.
தமிழ் தெரியாது.
யாருக்கு உடம்பு என்று கேட்க
எனக்கு அவன் பாஷை தெரியாது.
கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டிப்
படம் எப்படி என்று மட்டும் கேட்டேன்.
யோசித்தான்.
இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான்.
தூக்கம் என்கிறான், ஏசிக்குத்தான் வருகிறான்
என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன், கடைசி ஆட்டம்.
‘பதினோரு வண்டிதானே நிக்குது, போய்ப் பாரு மேரி,
நாளைக்கிப் பேய்ப் படம்’ என்றார்
கேட்டில் நின்ற நிஜாமுதீன் பாய்.
கதவோரம் நின்றேன். குளிர் காலைக் கவ்வியது.
திரை முழுக்கத் தலை.
தோல், முபாரக் சொன்ன அளவுக்குக் கனமில்லை.
பிறகு அது இமையைத் திறந்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில்
நம்பர் கூப்பிடுவார்களா என்று
கதவையே பார்த்துக்கொண்டிருக்குமே, அந்தக் கண்.
இத்தனை பேரில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.
சொன்னவனை
நான் தூக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

அப்போது அது கத்தியது.
சுவருக்கு அந்தப் பக்கம், மெல்லிசாக,
என் வண்டிகள் அலறின.
ஓடினேன்.
ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே
வரிசையின் கடைசிவரை போனேன்.
பதினொன்றும் மோட்டார் வண்டி.
சைக்கிள் இல்லை.