நான்கு வாளி வெள்ளை

இரும்புச் சுரங்கக் கம்பெனியின் லாரி
நான்கு வாளி வெள்ளைப் பெயின்ட் இறக்கிவிட்டுப் போனது.
கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்,
மினாஸ் மலைச்சரிவில்
புனித எஃபிஜேனியா கோயிலின் கோயில்பிள்ளை.
பெயர் ஒட்டசீலியு.
மணியடிப்பது, மெழுகு சுரண்டுவது,
சாவு விழுந்தால் குழி அளப்பது.
அணை உடைந்த வருடம் அளக்க வேலையில்லை.
சேறே எல்லோரையும் புதைத்துவிட்டது.

சுவரில் ஒரு கோடு இருந்தது
என் தோளுக்கு மேலே ஒரு சாண்.
அதுவரைக்கும் வந்தது,
குக்கரில் பீன்ஸ் சீறிக்கொண்டிருந்த நேரம்.
அபாயச் சங்கு ஊதவில்லை.
பேட்டரி மாற்ற மறந்துவிட்டார்களாம்.

ஆண்டு நிறைவுக்கு நன்றித் திருப்பலி.
ஆயர் வருகிறார், கம்பெனி மேலாளர் வருகிறார்,
பெலோ ஒரிசோன்டேயிலிருந்து டிவி வருகிறது.
பங்குத்தந்தை டமியாவ் நல்லவர், சின்ன வயது.
"துக்கத்துக்கும் ஒரு எல்லை வேண்டும், ஒட்டசீலியு" என்றார்.
எல்லைதான் சுவரில் இருந்தது.
அதன்மேல் உருளையை ஓட்டினேன்.
முதல் பூச்சைச் சுவர் குடித்துவிட்டது.
இரண்டாவதில் இளஞ்சிவப்பாய்க் கசிந்தது.
மூன்றாவதில் மறைந்தது.
நான்காவது வாளியை
வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.
இதையும் சொல்லிவிடுகிறேன்.

பாடகர் குழு அல்லேலூயா எடுத்தது. கிட்டார். கைத்தட்டல்.
மூன்றாவது வரிசையில் ஜாண்டிரா எழுந்தாள்.
பாடத்தான் எழுகிறாள் என்று நினைத்தோம்.
முதலில் வந்தது
கன்று செத்த மாட்டின் குரல்.
பிறகு பெயர்கள்.
லூசினேயா.
கயெட்டானு.
ரூட்டி.
"லூசினேயாவுக்குள் இருந்தது. ஏழு மாதம்.
அதற்கு நான் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட?"

கிட்டார் நின்றுவிட்டது.
அவள் பீடத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"நீர் எங்கே இருந்தீர்?
மேட்டிலா, கீழேயா?
மேட்டில் என்றால் ஏன் ஒரு சத்தம் கொடுக்கவில்லை?
கீழே, எங்களோடு என்றால்
உம்மையும் இன்னும் தோண்டி எடுக்கவில்லையே ஐயா,
தேடுவதை நிறுத்திவிட்டார்களே."

"அம்மா, விசுவாசம்..." என்று
ஆயர் கையை உயர்த்தினார்.
"அது இல்லாமலா இங்கே வந்து கத்துகிறேன்?
காலி வீட்டுக் கதவை யார் தட்டுவாள்?"

பத்தொன்பது வருடமாய் அந்தச் சிலுவையைத் துடைக்கிறேன்.
மரத்தில் செதுக்கிய வாய் திறந்தே இருக்கும்.
உள்ளே தூசி சேரும், துணியைச் சுருட்டி எடுப்பேன்.
தாகம் என்று நினைத்திருந்தேன்.
களைப்பு என்று நினைத்திருந்தேன்.
அன்றுதான் தெரிந்தது,
கத்திக்கொண்டிருக்கிறார்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள்.
ஜாண்டிரா பாலுக்கு அழவில்லை.
கம்பெனி அளந்து கொடுத்ததுதான்,
கிடைத்த உடலுக்கு ஒரு தொகை,
கிடைக்காததற்கு "பரிசீலனையில்".
அவள் அழுதது கணக்குக்கு.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.
அந்தச் சாவிக்கு இப்போது கதவில்லை,
கதவுக்குச் சுவரில்லை, தெருவுமில்லை.
சுவரருகே போய்ச் சுரண்ட ஆரம்பித்தாள்.
சன்னமான சத்தம், எலி கொறிப்பதுபோல.
கோயில் முழுக்க வேறு சத்தமில்லை.
வெள்ளை, பொடியாய் அவள் காலணிமேல் விழுந்தது.
பிறகு இன்னொரு சாவி. ஒரு ஹேர்பின்.
ஒரு கிழவரின் பெல்ட் கொக்கி.
டமியாவ் சாமியார் பீடத்தைவிட்டு இறங்கி
எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்.
மேலாளர் போன் பேச வெளியே போனார்.
என் பையில் மெழுகு சுரண்டும் தகடு இருந்தது.
ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர்களைவிட வேகமாக வந்தது எனக்கு.
எங்கே எத்தனை பூச்சென்று தெரிந்தவன் நான்தானே.

வழக்கை ஏழு முறை தள்ளிவைத்தார்கள்.
ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியில் உட்கார்ந்து
பெயர் சொல்லி அழுகிறோம்.
காவலர்கள் எங்களுக்குத் தண்ணீர் தருகிறார்கள்,
எழுந்துபோகச் சொல்கிறார்கள்.
எழுந்து, இரண்டு படி தள்ளி உட்காருகிறோம்.

நான்காவது வாளி இன்னும் என் வீட்டில்தான்.
திறக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவுமில்லை.
ராத்திரி அதன்மேல் உட்கார்ந்து செபம் சொல்கிறேன்.
ஆமெனுக்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறேன்.