கியூ இருபத்து மூன்று

இருட்டில் என் வேலை.
ஐந்தாம் மாடி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மேசை,
அறுபது விளக்குகளின் தலையெழுத்து
என் ஆள்காட்டி விரலின் கீழ்.

நிகழ்ச்சித் தாளில் பதினோரு பெயர்கள்.
பன்னிரண்டாவது நான்.
மார்ச்சில் ஒரு தாவலில்
வலது முழங்காலுக்குள் ஏதோ
ஈர நூல் போல் அறுந்தது.
சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.
"அடுத்த வருஷம் பட்டம் வாங்கிக்கலாம்" என்றார்கள்.
அதுவரை ஒளி.

வெளியே கோலாலம்பூரின் மாலை மழை
ஜாலான் ஈப்போவை நிறுத்தி வைத்திருந்தது.
நனைந்த குடைகளோடு
கால் மணி நேரம் தாமதமாய் வந்து அமர்ந்தார்கள்.

முதலில் யீ ஷுவான்:
ஒரு நாற்காலியோடு பன்னிரண்டு நிமிடம் சண்டையிட்டாள்.
நாற்காலி ஜெயித்தது.
அப்புறம் இஸ்ஸாத்தி, தரையில் உப்பைக் கொட்டி
அதன்மேல் உருண்டாள்;
இடைவேளையில் நாங்கள் நான்கு பேர்
துடைப்பம் தேடி அலைந்தோம்.
சரவாக்கிலிருந்து வந்த ஜிம்பாவ் ஆடவே இல்லை.
முதுகைக் காட்டி மூச்சு மட்டும் விட்டான்,
விலா எலும்புகள் ஒவ்வொன்றாய்த் திறந்து மூடின.
பின்வரிசையில் யாரோ இருமி,
இருமியதற்கு வெட்கப்பட்டார்.

ஐந்தாவது, யுகேந்திரன்.
படைப்பின் பெயர் 'மேரு, லைன் ஏழு'.
இசை இல்லை, ஒரு மோட்டாரின் முனகல் மட்டும்.
பீங்கான் கைகள் வரிசையாய் வருவதாக
அவன் நம்பினான், ஆகவே நாங்களும்.
நுனி பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி, உரித்து,
போடு.
உரித்து, போடு.
சூடு ஆறாத ரப்பர் கையுறையை
அச்சிலிருந்து கழற்றும் அந்த ஒரே அசைவு
தோளுக்கு ஏறி, முதுகெலும்பில் இறங்கி,
இடுப்பை ஒடித்து, அவனைத் தரையில் எறிந்து
மறுபடி எழுப்பிற்று.
ஒத்திகையில் நூறு தடவை பார்த்தவள் நான்.
எட்டு எட்டாக என் நல்ல கால் எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வரிசை ஓரத்தில் அவன் அக்கா கோமளேஸ்வரி.
வேலை முடிந்து நீலச் சட்டையை மாற்றாமல்
கிள்ளானில் ரயிலேறி, தூங்கி, சென்ட்ரலில் விழித்து வந்தவள்.
"டான்ஸ்னா பாட்டு இருக்கும்ல?" என்று
வாசலில் என்னிடம் கேட்டிருந்தாள்.
இருக்காது என்று சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அவள் மடியில்
கைகள் விழித்துக்கொண்டன.
கைப்பையின் மேல், யாருக்கும் தெரியாமல்,
பிடித்து, சுழற்றி, உரித்து, போடு.
அவனைவிட வேகம்.
அவன் ஒன்று கழற்றுவதற்குள்
அவள் மூன்று முடித்தாள்.
முகம் மேடையிலேயே இருந்தது,
கைகள் செய்வதை அறியாத முகம்.

மேடைக்கு இது தெரியாது.
வெளிச்சத்தில் நிற்பவனுக்கு
அவை என்பது ஒரு கறுப்புச் சுவர்.

கியூ இருபத்து மூன்று:
ஆடுபவன் கைகளை நீட்டி நிற்க, பத்து வினாடியில் இருள்.
சிவப்பு மையில், என் கையெழுத்திலேயே இருக்கிறது.
அவன் நின்றான். நீட்டினான்.
என் விரல் பொத்தானின் மேல்.

அழுத்தவில்லை.
பக்கத்தில், காட்சி நடக்கையில் யாரும் தொடாத
அரங்க விளக்கின் பட்டையை
மெல்லத் தள்ளினேன்.
பத்து சதவீதம். பதினைந்து.
பால் கலக்காத தேநீர் நிறத்தில்
மூன்றாம் வரிசை மேலே வந்தது.

அவன் பார்த்தான்.
அவள் கைகள் நிற்கவில்லை, நிற்கத் தெரியவில்லை.
நீட்டிய அவன் கைகள்
ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தன:
அவள் வேகத்துக்கு ஓடிப் பார்த்து, தவறவிட்டு,
மறுபடி ஓடி, மறுபடி தவறவிட்டு,
சிரித்தன.
ஆம், கைகள்தான்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
எண்ண மறந்தது அன்றுதான்.

கைதட்டல் ஓய்ந்தபின்
மதிப்பெண் போடுபவர்களில் ஒருவர் மேலேறி வந்தார்.
"அந்த விளக்கு, திட்டமா, தவறா?"
"தவறு" என்றேன்.
எதையோ குறித்துக்கொண்டு இறங்கினார்.

கோமளேஸ்வரிக்குக் காலை ஏழு மணி ஷிப்ட்,
கடைசி ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.
மற்றவர்கள் மாமாக் கடைக்கு,
மேகி கோரேங், சத்தம், பூங்கொத்துகள்.

மேடையின் மூலையில் உப்பு இன்னும் மிச்சமிருந்தது.
நொண்டிக்கொண்டே கூட்டினேன்.
செருப்பின் அடியில் நறநறவென்று
அது எட்டு வரை போய்
திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியது.