ஒன்பதுக்குப் பதிமூன்று

தேவாலயத்தின் கீழ்த்தளம்.
பனி சொட்டும் பூட்ஸுகள் சுவரோரம் வரிசையாய்.
லவோன் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறாள்,
அது அவள் தலைமேலேயே இருக்கிறது.
காப்பி டப்பாவில் இருந்தது நாற்பத்தொரு டாலர்
கொஞ்சம் சில்லறை.
இந்தப் புதன்கிழமையை அதற்குள் முடிக்க வேண்டும்.

பதினொரு பவுண்டு கொத்துக்கறி.
அதில் நான்கு பவுண்டு ஹௌகன் சுட்ட மான்,
வெளியே மூச்சு விடக் கூடாது.
காளான் சூப் டப்பா பத்து,
இரண்டு நசுங்கியவை, அதனால் பாதி விலை.
நூடுல்ஸ். உறைந்த பட்டாணி.
வெங்காயம் மட்டும் கை கொண்ட மட்டும்:
ஒரு பவுண்டை இரண்டாகக் காட்ட
அதற்குத் தெரிந்த வித்தை
எந்த வங்கிக்காரனுக்கும் தெரியாது.

ஒன்பதுக்குப் பதிமூன்று அங்குலம் கண்ணாடித் தட்டு.
ஒன்றுக்குப் பன்னிரண்டு பேர்,
பையன்கள் வந்தால் எட்டு.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு ஒட்டுநாடா,
அதில் பேனாவால் ஒரு பெயர்.
இந்த ஊரில் யார் யாருடன் பேசுவதில்லை என்பது
தட்டுகளுக்குத் தெரியாது,
ஒரே ஓவனில் தோளோடு தோள் வேகின்றன.

மேல் அலமாரியில் மட்டும் ஒன்று,
அக்டோபரிலிருந்து அப்படியே.
ஆர்வில்லா நெஸ்.
தயவுசெய்து திருப்பித் தரவும்.
எங்கே போய்த் தருவது?
துடைக்கும்போது கூட
நாங்கள் அதைச் சுற்றித்தான் துடைத்தோம்.

நாலரை மணிக்கு நெடுஞ்சாலையை மூடினார்கள்.
ஐந்து மணிக்கு லாரிக்காரர்கள்
கதவைத் தட்டாமல், தட்டலாமா என்று
வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.
அறுபதுக்குச் சமைத்திருந்தோம். எண்ணினால் எண்பத்து மூன்று.
போதகர் கிர்ஸ்டன், வயது இருபத்தொன்பது,
"ஐந்து அப்பமும் இரண்டு..." என்று தொடங்கினாள்.
"ரொட்டியை மெல்லிசாய் அறு" என்றாள் லவோன்.

கடைசி வரிசையில் ஒருவர், அப்திரஸாக்,
மினியாபொலிஸ்காரர், சோமாலியில் பிறந்தவர்,
தட்டில் வெறும் ரொட்டியும் பீன்ஸும்.
வேண்டாம் என்பதை
அவ்வளவு மரியாதையாய் நான் கேட்டதில்லை.
இறைச்சி ஆகாதாம். மீன்?
மீன் என்றால் சரி.

மீன்.
ஆர்வில்லாவின் டூனா கேசரோல்!
தவக்காலம் தோறும் அவள் கொண்டுவந்து,
தவக்காலம் தோறும் முக்கால்வாசி
அவளோடே வீடு திரும்பும் அது.
ஓவனில் இடமிருந்தது. மீதி நூடுல்ஸ் இருந்தது.
சரக்கறையின் பின்வரிசையில் டூனா ஆறு டப்பா.
எல்லாத் தட்டும் மேசையில் இருந்தன.

நான் நாற்காலி போட்டு ஏறினேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஜெனோரா மட்டும் கேட்டாள்:
"மேலே அவள் என்ன போடுவாள்?"
சிப்ஸ். பொட்டலத்துக்குள்ளேயே வைத்து
முழங்கையால் நொறுக்குவாள்,
யாரோ மேல் உள்ள கோபம் போல.
முந்நூற்றைம்பது டிகிரி.
ஓரங்கள் கொதித்துப் பழுப்பாகும் வரை.

அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.
அவரைப் பார்த்து பீட்ரூட் ஆலைப் பையன்கள்,
பையன்களைப் பார்த்து ஹௌகன்,
மான் சுட்ட அதே கையால்.
"யார் செய்தது?"
"ஆர்வில்லா" என்றாள் லவோன்,
பக்கத்து அறையில் இருப்பவளைச் சொல்வது போல.

தொட்டியில் வெந்நீர். நான் கழுவ,
அவர் துடைத்துக்கொண்டே வந்தார்.
ஒட்டுநாடாவின் ஒரு முனை கிளம்பியிருந்தது.
படித்தார்.
"திருப்பித் தரச் சொல்லியிருக்கிறதே, யாரிடம் தர?"
கட்டைவிரலால் அந்த முனையை அழுத்தினேன்,
ஒட்டவில்லை, மறுபடி அழுத்தினேன்.
கீழ்த்தட்டில் வையுங்கள், என்றேன்.
கை எட்டும் இடத்தில்.

பன்னிரண்டு கூடை எதுவும் மிஞ்சவில்லை.
மூலையில் ஒட்டியிருந்த ஒரு கரண்டி,
பட்டாணி மூன்று, உப்பு சற்றுத் தூக்கல்.
கழுவும் முன்பே
நின்றபடி அதை நான் வழித்துத் தின்றிருந்தேன்.
இருபது வருடமாய் வேண்டாம் என்று சொன்னவள்.