கயிறு தீர்ந்த இடம்

மேலூருக்குக் கிழக்கே பேருந்திலிருந்து பார்த்தால்
மேடு மட்டும்தான் தெரியும்.
உடைகல் சரிய ஏறி நின்றால்
கீழே அந்தப் பச்சை.

பச்சை என்று குறிப்பேட்டில் எழுதி அடித்தேன்.
பாசி கிடையாது அதில்.
ஒவ்வொரு மழைக்கும் மேட்டிலிருந்து இறங்கும் கல்மாவு
படியாமல் தண்ணீரில் தொங்கி
வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது.

அலுவலகக் காலண்டரில் ஜூன் மாதத்துக்கு
இதே நிறத்தில் ஓர் ஏரி,
வடக்கே எங்கோ, பனியாறு தோண்டியது.
நகரும் பனி பாறையை அரைக்கும்,
மாவு ஏரியில் மிதக்கும்:
ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதிவிட்டு மறந்திருந்தேன்.

எவ்வளவு கல் போனதென்று
அரசுக்குக் கணக்கு வேண்டும்.
தவசி லாரி டியூப்பில் உட்கார்ந்து
இரும்புக் குண்டு கட்டிய கயிற்றை விடுகிறார்.
பத்து மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி.
ஒன்று.
இரண்டு.
ஒன்பது வருஷம் இதற்குள் துளை போட்டவர்.
"இந்தப் பக்கம் ரெண்டு படி வெட்டியிருக்கும்க்கா,
அதுக்குக் கீழ கம்ப்ரஸர் ஒண்ணு கெடக்கு.
ஊத்து உடைஞ்ச ராத்திரி ஏத்த முடியல."

எதிர்ச்சுவரில் துளைத்தடங்கள்,
பிளந்த மூங்கில்களை நட்டு வைத்ததுபோல்,
சாணுக்கு ஒன்று, தப்பாமல்.
பனியும் கீறும்.
ஒரு சாண் நகர ஒரு நாள் எடுத்துக்கொண்டு,
யாருக்கும் லோடு அனுப்ப வேண்டியில்லாமல்.

பனி உருகிப் பின்வாங்கும்போது
தூக்கி வந்த பாறைகளை
அயலூர் மண்ணில் போட்டுவிட்டுப் போகுமாம்.
இங்கே விட்டுப்போனவை விரிசல் விழுந்தவை,
கப்பலுக்கு ஆகாதவை.
ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் எண்.
நானூற்றுப் பன்னிரண்டின் மேல்
யாரோ தட்டப்பயறு காயப்போட்டிருக்கிறார்கள்.

மூன்று. நான்கு.
இந்த நிலமே ஒரு காலத்தில்
தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தது,
பனிக்கு அடியில் இருந்திருக்கலாம் என்றேன்,
சித்திரை வெயிலில், கைக்குட்டையைத் தலையில் போட்டபடி.
தவசி கயிற்றை நிறுத்தினார்.
"அதுக்கு யாருக்கா பெர்மிட் குடுத்தா?"

காலண்டர் ஏரிக்குக் கரை இருந்தது.
கூழாங்கல், சரிவு, ஒரு மான் குனிந்து குடிக்க இடம்.
இதற்கு விளிம்பு மட்டும்.
ஆடுகள் வந்து எட்டிப் பார்க்கின்றன.
தண்ணீர் வாசனை மூக்கில் ஏற
கொஞ்சம் கத்திவிட்டு
சாலையோரக் குழாயடிக்குத் திரும்புகின்றன.

ஐந்தாவது துணி போய்விட்டது.
ஆறாவது, தண்ணீருக்குள்
சிவப்பு கறுத்து, காணவில்லை.
பிறகு தவசி வெறுங்கையைத் தூக்கிக் காட்டினார்.
நுனியை டியூப்பில் கட்டியிருந்ததால் தப்பித்தோம்.

படிவத்தில் ஆழத்துக்கு இரண்டு கட்டம்.
அறுபது என்று எழுதி
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டேன்.
கூட்டல் குறியைக் கணினி ஏற்காது
என்று சாயங்காலம் அலுவலகத்தில் சொன்னார்கள்.