ஒரு விரற்கடை

வெலிங்டன் கடைவீதியில்
பூட்ஸும் கம்பளித் தொப்பியும் தொங்கும் கடையில் வாங்கினேன்.
"ஒரிஜினல் இல்லைங்க மேடம்,
தையல் மட்டும் ஒரிஜினல்" என்றார் கடைக்காரர்.
அந்த நேர்மைக்காகவே பேரம் பேசவில்லை.

பாசி நிறம். ஒற்றைப் பட்டை.
இடது தோளில் ஏறி
நெஞ்சைக் குறுக்கே வெட்டி
வலது இடுப்பில் இறங்குகிறது.
வெளியே வரிவரியாய் நாடா, எதை எதையோ மாட்ட.
நான் மாட்டியிருப்பது வீட்டுச் சாவி,
ஜோடி தொலைந்த ஒரு கையுறை.
பெயரோ கொடியோ ஒட்ட வேண்டிய
சொரசொரச் சதுரத்தில்
என் ஸ்வெட்டர் நூல்தான் ஒட்டியிருக்கிறது,
ரோஸ் நிறத்தில்.

அலுவலகம் தந்த லேப்டாப் பதினைந்தரை அங்குலம்.
பை, ஒரு விரற்கடை குறைவு.
ஜிப் முக்கால்வாசி வந்து நின்றுவிடும்.
ஒரு மூலை எப்போதும் வெளியே எட்டிப் பார்க்கும்
ஆட்டோவில் போகும் ஆட்டுக்குட்டி மாதிரி.
மழை என்றால் அந்த மூலைக்கு
லாட்ஜில் எடுத்த குளியல் தொப்பியைப் போட்டுவிடுவேன்.
"பேசாம பெரிய பையா வாங்கலாமேக்கா"
என்கிறாள் ஜெனிட்டா.
வாங்கலாம்.

ஆனால் ஏழு ஐம்பது, கோத்தகிரி – குன்னூர் பஸ்ஸில்
முதுகுப் பை என்பது
பின்னால் நிற்பவருக்கு நாம் போட்டுத் தரும் மேஜை.
இதுவோ ஒரே இழுப்பு,
முதுகில் இருந்தது மார்புக்கு வந்துவிடும்.
வண்டிச்சோலை வளைவில்
ஒரு கை கம்பியில், ஒரு முழங்கை பையின்மேல்.
முன்பெல்லாம் என்மேல் சாய்ந்த தோள்கள்
இப்போது இரும்புக் கொக்கியைச் சந்தித்து
"ஸாரி சிஸ்டர்" என்கின்றன.

முன்பக்கம் மூன்று சின்ன அறைகள்,
தோட்டா வைக்க அளந்து தைத்தவை.
அளவெடுத்தவர் என்ன நினைத்து எடுத்தாரோ,
தேயிலை மாதிரிப் பொட்டலம்
அறைக்கு ஒன்றாகக் கச்சிதம்.
ஏலத்துக்கு முன் ருசி பார்க்க வேண்டிய டஸ்ட்,
லாட் எண் எழுதி, வரிசையாக.
முதுகோடு ஒட்டி ஒரு ரகசிய அறை,
கைத்துப்பாக்கிக்கு.
அதில் மவுஸ்.
அப்புறம் பாதி வர்க்கி, எப்போது வைத்ததோ.

பேங்க் வாசலில் காவலாளி,
முன்னாள் ஹவில்தார் என்று மீசையே சொல்லும்,
பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"எந்த யூனிட்?"
"அக்கவுன்ட்ஸ்."
சிரிக்கவில்லை.
"கொக்கியத் தலைகீழாப் போட்டிருக்கீங்க."
இன்னும் அப்படித்தான் போடுகிறேன்.
பஸ்ஸுக்குத் தலைகீழ்தான் சரி.

நவம்பரில் ஒரு நாள், ஆறரை மணி.
தான் எரிகிறோமா என்று
தெருவிளக்குக்கே தெரியாத மூடுபனி.
பெட்ஃபோர்டு இறக்கத்தில்
யாருடைய சௌசௌக் கொடியையோ மென்றபடி
காட்டெருமை ஒன்று பாதையை அடைத்து நின்றது.
உடம்பு தானாகச் செய்தது:
ஒரு இழுப்பு, பை முன்னே,
கை ரகசிய அறைக்குள்.
வெளியே வந்தது வர்க்கி.

அது, நான், வர்க்கி
மூவரும் கொஞ்ச நேரம் நின்றோம்.
அது எதுவும் கேட்கவில்லை.
அதன் மூச்சு பனியைவிட வெள்ளை.
ஓடினால் துரத்தும் என்று படித்திருக்கிறேன்,
ஓடாவிட்டால் என்ன செய்யும் என்று யாரும் எழுதியதில்லை.
பசித்தது. தின்றேன்.
நமுத்துப்போன வர்க்கியும் சௌசௌக் கொடியும்
அந்தத் தெருவில் ஒன்றாக மெல்லப்பட்டன.

பிறகு அது தேயிலைக்குள் இறங்கியது.
நடுவே ஒரு வேலி இருந்ததை
அதன் பின்னங்கால்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் பையைக் கழற்றினேன்.
தோளில் பட்டையின் தடம், சிவப்பாக, அகலமாக.
குளியல் தொப்பி எங்கோ விழுந்துவிட்டது,
வெளியே நின்ற மூலையில் ஈரம்.
துப்பட்டாவால் துடைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தேன்.
ஓடியது.
லாட் நூற்றுப் பதினாலின் விலையை
இன்னும் அனுப்பவில்லையாம்,
ஜெனிட்டா நான்கு முறை கேட்டிருக்கிறாள்.